இந்திய எம்.டி.யை வைத்து அமெரிக்க மூளைக்காய ஃபெல்லோஷிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் எம்.டி. பி.எம்.ஆர். (உடல் மறுவாழ்வு மருத்துவம்) மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். "அமெரிக்காவில் பிரெயின் இஞ்சுரி மெடிசின் ஃபெல்லோஷிப் ஒரே வருஷம்தான் என்கிறார்கள். எம்.டி. முடித்ததும் நேரடியாக விண்ணப்பிக்கலாமா? பெர்சனல் ஸ்டேட்மென்ட்டில் என்ன எழுதினால் எடுப்பார்கள்?" இதுதான் கேள்வி. (ஃபெல்லோஷிப் என்பது சிறப்புப் பயிற்சி முடித்தவர் அதற்குள் ஓர் உட்பிரிவில் செய்யும் மேற்பயிற்சி.) இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது: மூன்று வருடம் படித்து வாங்கிய எம்.டி.யை ஓரமாக வைக்காமல், ரெசிடென்சியை (அமெரிக்காவில் சிறப்பு மருத்துவராவதற்கான பயிற்சியை) முதலிலிருந்து செய்யாமல் இந்தத் துறைக்குள் போக வழி உண்டா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விதிப்புத்தகத்தில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அந்த வாசலை நம்பி அடுத்த ஐந்து வருடத்தைத் திட்டமிடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வருடாவருடம் யாராவது எனக்கு எழுதுகிறார்கள். நான் அமெரிக்காவில் பி.எம்.ஆர். ரெசிடென்சியும் இதே ஃபெல்லோஷிப்பும் முடித்து, மூளைக்காய வார்டில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஃபெல்லோக்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன்.

முதலில் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் இதை ஒரு தனி உட்பிரிவாக 2011இல்தான் அங்கீகரித்தார்கள். முதல் சான்றிதழ்த் தேர்வு 2014இல் நடந்தது. பி.எம்.ஆர். வாரியமும், மனநலம் மற்றும் நரம்பியலுக்கான வாரியமும் சேர்ந்து நடத்தும் பிரிவு இது. அதனால் பிஸியாட்ரிஸ்ட் (பி.எம்.ஆர். மருத்துவர்), நியூராலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் என மூன்று பக்கத்திலிருந்தும் வரலாம். தொடக்கத்தில் சில ஆண்டுகள், ஃபெல்லோஷிப் செய்யாதவர்களையும் பணி அனுபவத்தை வைத்துத் தேர்வெழுத விட்டார்கள். அந்த வழி மூடிவிட்டது. இப்போது சான்றிதழ் வேண்டுமென்றால், மருத்துவப் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ.யின் அங்கீகாரம் பெற்ற ஒரு வருட ஃபெல்லோஷிப் கட்டாயம். இன்னொன்று, பலர் இதை நியூரோ கிரிட்டிகல் கேருடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஐ.சி.யு. வேலை. நாங்கள் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறோம். வென்டிலேட்டரை எடுத்தாயிற்று, கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆளுக்கு நினைவு இன்னும் திரும்பவில்லை. அந்த இடத்திலிருந்து அவர் வீட்டுக்கோ வேலைக்கோ திரும்பும் வரை உள்ள நீண்ட காலம்தான் எங்கள் பொறுப்பு. நினைவு மங்கிய நிலை, கொந்தளிப்பு, தசை இறுக்கம், வலிப்பு, தூக்கம், பேச்சு, நடத்தை மாற்றம், வேலை, வாகனம் ஓட்டுவது, கணவன் மனைவிக்கு இடையே வரும் விரிசல் வரை எல்லாம் இதற்குள் வரும்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். ஏ.சி.ஜி.எம்.இ. விதிப்படி இந்த ஃபெல்லோஷிப்பில் சேர்பவர் பி.எம்.ஆர்., நியூராலஜி, குழந்தை நியூராலஜி, சைக்கியாட்ரி ஆகியவற்றில் ஒன்றில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை முடித்திருக்க வேண்டும். அங்கீகாரம் என்றால் அமெரிக்க ஏ.சி.ஜி.எம்.இ., அதன் சர்வதேசப் பிரிவின் மேல்நிலை அங்கீகாரம், அல்லது கனடாவின் ராயல் காலேஜ். இந்திய எம்.டி. இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் படிப்பின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். நான் சொன்ன சின்ன வாசல் இதற்குள்தான் இருக்கிறது: வழக்கமான தகுதி இல்லாவிட்டாலும் அசாதாரணத் திறமையுள்ள வெளிநாட்டுப் பட்டதாரியை, திட்ட இயக்குநரும் தேர்வுக் குழுவும் மதிப்பிட்டு, அந்த நிறுவனத்தின் மருத்துவக் கல்விக் குழு ஒப்புதல் கொடுத்தால், விதிவிலக்காகச் சேர்க்கலாம். அதற்கும் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமைப்பான இ.சி.எஃப்.எம்.ஜி.யின் சான்றிதழ் வேண்டும். அதாவது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., மருத்துவர்களுக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எல்லாம் முடித்திருக்க வேண்டும். "ஃபெல்லோஷிப்தானே, பரீட்சை எதற்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வாசல் வழியாக உள்ளே வந்தாலும் ஒரு பெரிய தடை நிற்கிறது. ஃபெல்லோஷிப்பை நன்றாகவே முடிக்கலாம், சான்றிதழ் கடிதமும் வாங்கலாம். ஆனால் உட்பிரிவு வாரியத் தேர்வு எழுத முதன்மை வாரியச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்கு ரெசிடென்சி வேண்டும். போதாததற்கு, பல மாநிலங்களில் வெளிநாட்டில் படித்தவருக்கு முழு மருத்துவ உரிமம் கிடைக்க அமெரிக்காவிலேயே இரண்டு, மூன்று வருடப் பயிற்சி கேட்கிறார்கள். ஒரு வருட ஃபெல்லோஷிப் அந்தக் கணக்கை நிரப்பாது. ஆகவே நேரடி வழியில் வருபவருக்குக் கையில் மிஞ்சுவது திறமையும் ஒரு வருட அனுபவமும். இந்தியாவுக்குத் திரும்பிப் போய் அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு அதுவே போதும், நிறையவே போதும். அமெரிக்காவிலேயே இருந்து வேலை பார்க்க நினைப்பவருக்கு அது பாதி வழியில் விட்டுவிடும். அதனால்தான் என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: முடித்துவிட்டு எங்கே வேலை செய்யப் போகிறீர்கள்?

அமெரிக்காவில்தான் என்றால் பாதை நீளமானது, ஆனால் தெளிவானது. இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ், பிறகு ரெசிடென்சி மேட்ச் (விண்ணப்பித்தவர்களுக்கு இடம் ஒதுக்கும் முறை), நான்கு வருட ரெசிடென்சி, அதன்பின் ஒரு வருட ஃபெல்லோஷிப். உங்கள் எம்.டி. அந்த நான்கு வருடத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பி.எம்.ஆர். முடித்தவர்கள் பி.எம்.ஆருக்கே விண்ணப்பிப்பது இயல்பு. ஆனால் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு இப்போது பி.எம்.ஆர். மேட்ச் எளிதாக இல்லை. நியூராலஜியில் வெளிநாட்டில் படித்து வந்தவர்களின் பங்கு கணிசமாகக் கூடுதல். நியூராலஜி முடித்தும் இதே ஃபெல்லோஷிப்புக்கு வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நரம்பு மண்டலத்தின் மேல் உண்மையான ஆர்வம் இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் பி.எம்.ஆரில் ஊறிய ஒருவர் நியூராலஜி வார்டில் நான்கு வருடம் இருப்பது வேறு வாழ்க்கை. பின்வாசலாக மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டாம் வருடத்தில் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

விசாவைப் பற்றித் தெரிந்ததையும் மாறிக்கொண்டிருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு இ.சி.எஃப்.எம்.ஜி.தான் பொறுப்பேற்கும். மருத்துவப் பயிற்சிக்கு மொத்தம் ஏழு வருடம் வரை அனுமதி உண்டு, எனவே நான்கும் ஒன்றும் ஐந்து என்பது உள்ளே அடங்கிவிடும். முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். விலக்குக்கான முக்கிய வழி கான்ராட் 30. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பது பேருக்கு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்கும் நிபந்தனையோடு பரிந்துரைக்கலாம். இங்கே ஒரு சிக்கல்: மூளைக்காய நிபுணர் வேலைகள் பெரும்பாலும் பெரிய ஊர்களின் பெரிய மையங்களில்தான் இருக்கும். பற்றாக்குறைப் பகுதியில் கிடைப்பது பெரும்பாலும் பொதுவான பி.எம்.ஆர். வேலை. படித்த உட்பிரிவை மூன்று வருடம் பகுதி நேரமாகத்தான் செய்ய வேண்டி வரலாம். எச்-1பி என்ற வேலை விசா வேண்டுமென்றால் யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 3 முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். அதன் பிறகு எந்த மருத்துவமனை யாருக்கு அந்த விசா கொடுக்கும் என்பது நிலையில்லாத விஷயமாகிவிட்டது. அதேபோல, வெளிநாட்டு நிபுணர்களுக்கு ரெசிடென்சி இல்லாமலே தற்காலிக உரிமம் தரும் சட்டங்களை 2023இல் டென்னசியில் தொடங்கிச் சில மாநிலங்கள் கொண்டுவந்திருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாரியச் சான்றிதழ் இல்லாதவரை மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எப்படி நடத்தும் என்பது நடைமுறையில்தான் தெளிவாகும். அதை அடிப்படையாக வைத்து யாருக்கும் நான் யோசனை சொல்வதில்லை.

திரும்பிப் போய் இந்தியாவில் வேலை செய்வதுதான் நோக்கம் என்றால், அமெரிக்காவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கனடாவின் பெரிய பல்கலைக்கழகங்களில், குறிப்பாக டொராண்டோவில், தன் நாட்டில் சிறப்புப் பட்டம் முடித்தவரைப் பயிற்சி உரிமத்தில் கிளினிகல் ஃபெல்லோவாக எடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே உங்கள் எம்.டி.க்கு நேரடி மதிப்பு இருக்கிறது. சம்பளம் அவர்கள் தருவதா நீங்கள் கொண்டுபோவதா என்பதை மட்டும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் மெடிக்கல் டிரெயினிங் இனிஷியேட்டிவ் என்ற திட்டத்தில் இரண்டு வருடம் வரை வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பலாம். அங்கே மறுவாழ்வு மருத்துவம் தனிச் சிறப்புத் துறை. நம் பக்கத்திலேயே பெங்களூரு நிமான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்று தனித் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூளைக்காய நோயாளியை மாதக்கணக்கில் உள்நோயாளியாக வைத்து, குடும்பத்தையும் கூடவே தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கும் இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு வருடம் என்பது, வெளிநாட்டில் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் மூன்று மாத அப்சர்வர்ஷிப்பைவிடப் பல மடங்கு மேல். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

பணம் கட்டி வாங்கும் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்க மூளைக்காயச் சங்கம் கொடுக்கும் சி.பி.ஐ.எஸ். என்ற சான்றிதழை மருத்துவர்களின் உட்பிரிவுச் சான்றிதழ் என்று நினைத்துச் சிலர் சேர்கிறார்கள். அது சிகிச்சையாளர்கள், செவிலியர்கள், பராமரிப்பாளர்கள் என எல்லோருக்குமான அடிப்படைச் சான்றிதழ். படித்தால் அறிவு வளரும், கெடுதல் இல்லை. ஃபெல்லோஷிப்புக்கு மாற்றாக மட்டும் அதை எண்ணாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது. எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இது பொருந்தும். பெரும்பாலான பெர்சனல் ஸ்டேட்மென்ட்கள் ஒரே மாதிரி தொடங்குகின்றன: நெருங்கிய உறவினருக்கு விபத்து, ஐ.சி.யு. வாசலில் காத்திருப்பு, அன்று எடுத்த முடிவு. அது உண்மையாகவே நடந்திருந்தால் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். படிப்பவர் தேடுவது வேறு. இந்த நோயாளிகளோடு நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், உட்கார்ந்தபோது எதைக் கவனித்தீர்கள், கவனித்ததை வைத்து என்ன செய்தீர்கள். "மூளையின் சிக்கலான அமைப்பு என்னை ஈர்க்கிறது" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "லெவெட்டிராசிட்டம் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தைத் தொடங்கிய பிறகு எரிச்சலும் அடிதடியும் கூடிய ஒரு நோயாளியில், மருந்தின் தேவையைத் திரும்பக் கேட்டேன்" என்பதை வேலை செய்தவர் மட்டும்தான் எழுத முடியும். காயத்துக்குப் பிந்தைய முதல் ஏழு நாளில் வலிப்பைத் தடுக்கத்தான் வலிப்புத் தடுப்பு மருந்துகளுக்கு, அதிலும் முக்கியமாக ஃபெனிடாயினுக்கு, சான்று இருக்கிறது. பிற்கால வலிப்பை அவை தடுப்பதாகச் சான்று இல்லை. இருந்தும் வலிப்பே வராத நோயாளிகள் மாதக்கணக்கில் அந்த மருந்துகளிலேயே இருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் சொல்லாமலே எழுப்பியவரைத்தான் நாங்கள் கூப்பிட விரும்புவோம்.

உங்களிடம் இப்போது இருக்கும் பெரிய வாய்ப்பு நோயாளிகள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பி.எம்.ஆர். படிப்பவருக்கு இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. நோயாளியிடம் உணர்வு எந்த அளவு இருக்கிறது என்று சோதிக்கும் கோமா ரிகவரி ஸ்கேலின் திருத்திய வடிவத்தை இந்த மாதமே கற்றுக்கொள்ளுங்கள். 2004இல் ஜோசப் ஜாசினோவும் சகாக்களும் வெளியிட்ட அளவுகோல் அது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு கண்ணாடியும் சில அன்றாடப் பொருள்களும் பொறுமையும் போதும். அதன் அருமை என்னவென்றால், இந்த அளவுகோல் இல்லாமல் சிகிச்சைக் குழு கூடிப் பார்த்து "உணர்வில்லை" என்று முடிவு கட்டிய நோயாளிகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்கு, முறையாகச் சோதித்தால் குறைந்தபட்ச உணர்வு இருப்பது தெரியவந்தது. 2009இல் வந்த ஆய்வு அது. ஒரு தடவை சோதித்தாலும் போதாது, ஏனென்றால் இந்த நோயாளிகளின் விழிப்பு மணிக்கு மணி மாறும். இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது செய்ய வேண்டும் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் துறைத் தலைவரின் அனுமதியோடும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும், உங்கள் வார்டுக்கு வரும் நோயாளிகளை இப்படித் தொடர்ந்து சோதித்துப் பதிவு செய்யுங்கள். கட்டளைகளைத் தமிழில் சொல்லும்போது நோயாளியின் வீட்டு வழக்குப்படி சொன்னால் பதில் மாறுகிறதா என்று பாருங்கள். அது இந்திய பி.எம்.ஆர். மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.பி.எம்.ஆரின் மாநாட்டில் ஒரு போஸ்டராகலாம், நல்ல பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரையாகலாம். பத்து நாளில் எழுதிப் போட்ட ஐந்து ரிவ்யூ கட்டுரைகளைவிட இந்த ஒன்று கனமானது. விண்ணப்பம் படிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

பரிந்துரைக் கடிதத்தில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெரிய பதவியில் இருப்பவரிடம் போய் வாங்குவார்கள். அவர் "ஒழுக்கமானவர், கடும் உழைப்பாளி, எல்லோரிடமும் மரியாதையாகப் பழகுவார்" என்று எழுதிக் கொடுப்பார். படிப்பவருக்கு அதிலிருந்து எதுவுமே கிடைக்காது. உங்களோடு ரவுண்ட்ஸ் வந்த உதவிப் பேராசிரியர், கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியை நீங்கள் கட்டிப்போடாமல் சமாளித்த விதத்தை இரண்டு பத்தி எழுதினால் அதுதான் கடிதம். கடிதம் எழுதுபவரிடம் உங்கள் நோயாளிகள் இரண்டு, மூன்று பேரை நினைவுபடுத்தி ஒரு குறிப்பு கொடுங்கள், அதில் தப்பில்லை. கடிதத்தையே நீங்கள் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மூன்று கடிதத்திலும் ஒரே நடை இருந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நான் வழக்கமாக இரண்டு விஷயம் கேட்பேன். முதலாவது, காயமாகி மூன்றாவது வாரம், நினைவு இன்னும் ஒழுங்குக்கு வராத இளைஞர் இரவு முழுக்கக் கத்துகிறார், குழாய்களைப் பிடுங்குகிறார், செவிலியர் உங்களைக் கூப்பிடுகிறார். என்ன செய்வீர்கள்? மருந்தின் பெயரோடு பதிலைத் தொடங்குபவரை நான் கொஞ்சம் நிறுத்துவேன். வலி இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, காய்ச்சலா, அறையில் டி.வி. ஓடுகிறதா, ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுகிறார்களா, மூளைக்குள் நீர் கோத்து நிலைமை மாறியிருக்கிறதா என்று தேடிவிட்டு மருந்துக்கு வருபவர்தான் எனக்கு வேண்டியவர். ஹாலோபெரிடாலையும் பென்சோடயசெபைன்களையும் ஏன் தவிர்க்கப் பார்க்கிறோம், ப்ரோப்ரனலால் ஏன் பேச்சில் வருகிறது என்பதை அதன்பிறகு பேசலாம்.

இரண்டாவது கேள்வி குடும்பத்தைப் பற்றியது. ஆறாவது வாரம், கண் திறந்திருக்கிறது, கட்டளைக்குப் பதில் இல்லை. அம்மா கேட்கிறார்: "பையன் எழுந்துருவானா?" இதற்கு மனப்பாடப் பதில் கிடையாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. 2018இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் மறுவாழ்வு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் 28 நாளில் எல்லோருக்குமே எதிர்காலம் மோசம் என்பதுபோலப் பேசுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. மீள முடியாதது என்ற பொருளில் "நிரந்தரம்" என்று முத்திரை குத்துவதையும் அது கைவிட்டுவிட்டது. 2012இல் 184 நோயாளிகளை வைத்து நடந்த, அமன்டடின் என்ற மருந்தைப் பற்றிய ஆய்வில், காயமாகி நான்கு முதல் பதினாறு வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்த நான்கு வாரமும் முன்னேற்றம் வேகமாக இருந்தது. நிறுத்திய பின் அந்த வேகம் குறைந்தது. இதையெல்லாம் படித்துவைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் எளிய தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? பொய்யான நம்பிக்கை கொடுக்காமல், இருக்கும் நம்பிக்கையையும் பிடுங்காமல், அடுத்த நான்கு வாரத்தில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆங்கில நேர்காணலுக்கு முன் இதைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் உண்மையாக வந்துவிட்டால் ஆங்கிலம் தானாக வரும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் 1987இலிருந்து அரசு நிதியில் நடக்கும் டி.பி.ஐ. (அடிபட்டு வரும் மூளைக்காயம்) மாடல் சிஸ்டம்ஸ் என்ற மருத்துவமனை வலையமைப்பு இருக்கிறது. ஹூஸ்டனின் டிர், பாஸ்டனின் ஸ்பால்டிங் போன்றவை அதில் இருந்து வருபவை. நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பின்பற்றும் தரவு அங்கே கிடைக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கான ஐந்து பாலிட்ராமா (பல உறுப்புகளில் காயம்பட்டவர்களுக்கான) மையங்கள் தனி உலகம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் அங்கே இப்போது இருக்கும் ஃபெல்லோவிடம் பேசுங்கள். உணர்வு மங்கிய நோயாளிகளுக்கென்று தனித் திட்டம் இருக்கிறதா, வெளிநோயாளிப் பிரிவில் அதே நோயாளியை ஆறு மாதம் கழித்துப் பார்க்க விடுகிறார்களா, தசை இறுக்கத்துக்கான போட்டாக்ஸ் ஊசியும் பேக்லோஃபென் பம்ப் பராமரிப்பும் கையால் செய்கிறீர்களா, நியூரோசைக்காலஜிஸ்ட்டோடு உட்காரும் நேரம் உண்டா, அல்லது கூடுதல் ரெசிடென்ட்டாக அட்மிஷன் எழுதுவதிலேயே வருடம் போய்விடுகிறதா? கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வழக்கமாக ஜூலையில் தொடங்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டே. எந்தத் தளத்தில், எந்தத் தேதிக்குள், மேட்ச் வழியாகவா நேரடியாகவா என்பது ஆண்டுக்கு ஆண்டும் திட்டத்துக்குத் திட்டமும் மாறுவதால், அவர்களுடைய பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

என்னால் சொல்ல முடியாததும் உண்டு. உங்கள் மதிப்பெண், குடும்பப் பொறுப்பு, கையிருப்பு எதுவும் எனக்குத் தெரியாது. தேர்வுக் கட்டணமும் பயணமும் சேர்ந்து பெரிய செலவு, கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் கணக்கு மாறும். உங்களுக்கு மேட்ச் ஆகுமா என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால், நான் உட்பட, நம்ப வேண்டியதில்லை. என் கருத்தை மட்டும் கருத்தாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. முன்பு செத்துப்போயிருக்கக்கூடியவர்கள் இப்போது பிழைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மூன்றாவது வாரம் மூக்குக் குழாயோடும் தொண்டைக் குழாயோடும் வீட்டுக்கு அனுப்பப்படும் அந்த ஆளை யார் பார்ப்பது? மனைவியும் அம்மாவும்தான் பார்க்கிறார்கள், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல். படுக்கைப்புண் வருகிறது, கை மடங்கி இறுகிப்போகிறது, மூளையில் நீர் கோத்தது தெரியாமல் "இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். நீங்கள் திரும்பி வரும் திட்டத்தில் இருந்தால் அமெரிக்க வாரியச் சான்றிதழுக்காக ஐந்து வருடம் செலவழிப்பதைவிட, இந்தியாவில் ஒரு வருடமும் கனடாவிலோ பிரிட்டனிலோ ஓரிரு வருடமும் கற்றுக்கொண்டு வருவது சரியென்று படுகிறது. அமெரிக்காவிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஃபெல்லோஷிப்பை இப்போதைக்கு மறந்துவிட்டு ரெசிடென்சிக்குத் தயாராகுங்கள்.

இரண்டில் எது என்று முடிவாகாவிட்டாலும் இந்த ஆண்டு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்டெப் 1 மதிப்பெண் இல்லாமல் பாஸ், ஃபெயில் என்று மாறியது 2022இல். அதனால் ஸ்டெப் 2 சி.கே.யின் எடை கூடிவிட்டது, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வார்டில் அந்தக் கோமா ரிகவரி ஸ்கேலோடு உட்காருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த மூன்று மையங்களின் திட்ட இயக்குநர்களுக்கு ஆறு வரிக்கு மிகாமல் எழுதுங்கள்: நான் யார், எத்தனை நோயாளிகளை எப்படிப் பார்த்தேன், வெளிநாட்டு எம்.டி.யை விதிவிலக்கில் எடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா, ஜே-1 விசாவில் வருபவர்களை எடுக்கிறீர்களா. பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். பதில் போடுபவர் "இல்லை" என்று சொன்னாலும் நன்றி சொல்லி, வேறு யாரிடம் கேட்கலாம் என்று கேளுங்கள். இது சின்னத் துறை, ஒருவரை ஒருவர் தெரியும்.